சுந்தரராஜ் அளந்த தெரு

சுந்தரராஜுக்கு ஒரு எட்டு என்றால் இரண்டரை அடி. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அறுபத்தோரு வயதில் மூட்டுவலி வந்த பிறகும் அந்த இரண்டரையை அவர் விடவில்லை. வலித்தால் மெதுவாக நடப்பார். எட்டைச் சுருக்க மாட்டார். ஈத்தவிளை சந்தியில் இருந்து சர்ச்சுக்கு நானூற்றிப் பதினாறு எட்டு என்று கேட்காத ஆளிடமும் சொல்லுவார். கேட்டவனுக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிடும்.

முப்பத்து நாலு வருஷம் அளவை ஆபீசில் செயின்மேனாக இருந்தவர். செயின்மேன் என்றால் அதிகாரி இல்லை. அதிகாரி குடைக்குக் கீழே நின்று புத்தகத்தில் எழுதுவார். சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சகதியிலும் இறங்குகிற ஆள்தான் செயின்மேன். சங்கிலி போய் டேப்பு வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துச் சரிவில் அட்டை கடிக்கக் கடிக்க நின்றிருக்கிறார். தோவாளையில் முழங்கால் முங்குகிற வயலில் நின்றிருக்கிறார். ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்கு இடம் அளந்தபோது காற்று டேப்பை வில் மாதிரி வளைத்தது. வளைந்த டேப்பு உள்ளதைவிடக் கூடுதல் காட்டும். அதிகாரி போதும், எழுதிக்கிடலாம் என்று அவசரப்பட்டார். சுந்தரராஜ் நுனியை விடாமல் முக்கால் மணி நேரம் குத்தவைத்திருந்தார். ஆரல்வாய்மொழியில் காற்று அடங்குவது என்ன லேசுப்பட்ட காரியமா? அடங்கின ஒரு நிமிஷத்தில் வாசித்துச் சொன்னார். நாலு அங்குலம் வித்தியாசம்.

சொந்த வீட்டிலும் இதே குணம்தான். தம்பிக்கும் அவருக்கும் வேலித் தகராறு வந்தபோது தானே டேப்பு பிடித்தார். தம்பி பக்கம்தான் நியாயம் என்று டேப்பு சொன்னது. அன்றைக்கே தன் வேலியைப் பிடுங்கி ஒரு அடி உள்ளே நட்டார். மனைவி ஜெயபாய் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு அடியில் அவள் வைத்த கறிவேப்பிலை நின்றது.

இப்படி நடந்துகொண்டதால் ஊரில் அவர் சொல்லுக்கு ஒரு எடை உண்டு. சர்ச் கல்லறைத் தோட்டத்தில் குழிக்கு இடம் அளந்து விடுவது அவர்தான். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் ஆபீசுக்கு எழுதிப்போட்ட கையோடு அவரையும் ஒருதரம் கூப்பிட்டுக் காட்டுவார்கள். சுந்தரராஜ் நட்ட எல்லைக் குற்றியை யாரும் பிடுங்கியதில்லை.

ஈத்தவிளை சந்தியில் ரோடு அகலப்படுத்தியபோது குறி போட்டதும் அவர்தான். எட்டு வருஷம் ஆகிறது. தெருவுக்குக் கிழக்கே வயலுக்குத் தண்ணீர் போகிற சானல். மேற்கே ஒரே வரிசையாகப் பதினொரு வீடு. சந்தி மூலையில் இருந்த சர்வே கல்லில் இருந்து தொடங்கி, இத்தனை அடி மேற்கே என்று நூல் பிடித்து, சானல் சுவருக்கு இணையாகத் தெரு நெடுகக் கொண்டுபோனார்கள். நூல் எந்த வீட்டை எந்த இடத்தில் வெட்டுகிறதோ அங்கே சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு. கோட்டுக்கு முன்னால் உள்ளது ரோட்டுக்கு. பின்னால் உள்ளது வீட்டுக்காரனுக்கு.

ஆறு மாதத்தில் மண் அள்ளும் எந்திரம் வந்தது. மிஞ்சின துண்டு நிலங்களை ஒருத்தரே மொத்தமாக வாங்கிக் கல்யாண மண்டபம் கட்டினார். மண்டபத்தின் சுற்றுச்சுவர் இன்றைக்கு அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே நெடுக நிற்கிறது. சுவருக்கும் தாருக்கும் நடுவே மட்டும் கொஞ்சம் மண். அதில் தும்பையும் குப்பையும்.

ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம் நந்தனா என்ற பெண் அவரைத் தேடி வந்தாள். குலசேகரத்து ரப்பர்க்காரர் மகள். சென்னையில் சிற்பம் படித்தவள். ஊர் ஊராக இடித்துப்போன கட்டிடங்களைப் பற்றிக் கலை வேலை செய்கிறாளாம். பேரூராட்சியில் அனுமதி வாங்கின காகிதம் கையில் இருந்தது. பதினொரு வீட்டின் வாசற்படிகளையும், அது அது இருந்த இடத்திலேயே, அந்த அந்தக் கதவின் நிறத்திலேயே ரோட்டின் மேல் வரையப்போகிறாள். வண்டி நிறுத்துகிற ஓரப் பகுதி என்பதால் அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு வாசலுக்கும் நேரே சுவரில் ஒரு பலகை. அதில் குடியிருந்தவர் பெயர். அவ்வளவுதான். ஆனால் இடம் அச்சாக இருக்க வேண்டும். அச்சாக யாருக்குத் தெரியும் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறாள். எல்லாரும் ஒரே வீட்டுக்குத்தான் வழி சொன்னார்கள்.

ஜெயபாய் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"பெயிண்டு அடிச்சா வீடு வந்துருமா மக்ளே?"

"வராது ஆன்ட்டி," என்றாள் நந்தனா. "ஆனா இங்க எப்பவுமே ரோடுதான் இருந்துச்சுன்னு இனி ஒருத்தரும் சொல்ல முடியாதுல்லா."

சுந்தரராஜ் எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் சபையில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி ஒன்று. ஆபீஸ் கணக்கு ஆபீசில் கிடக்கும்; இது அவருடைய சொந்தக் குறிப்பு. ஒன்றாம் வீடு, கதவில் இருந்து சிவப்பு வரை பதினொன்றரை அடி. இரண்டாம் வீடு ஒன்பதே முக்கால். பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நாலு மாதமாக அவள் தேடி அலைந்தது ஒரு சட்டைப்பையில் அடங்குகிற புத்தகத்தில் இருந்தது.

காலை ஆறு மணிக்கு, போக்குவரத்து கூடுவதற்கு முன்னால் வேலை தொடங்கினார்கள். அவர் டேப்பின் நுனியை மண்டபச் சுவரில் வைப்பார். சுவர்தானே சிவப்புக் கோடு. அங்கிருந்து டைரியில் உள்ள அடியை அளந்தால் கதவு நின்ற இடம். நந்தனா சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவாள். ஒன்றாம் வீட்டு வாசல் தாரின் மேல் வந்தது. இரண்டாவதும் தாரின் மேல். மூன்றாவது வீட்டு வாசலில் யாரோ பைக் நிறுத்தியிருந்தார்கள். நகர்த்தச் சொல்லி வரைந்தார்கள். சுந்தரராஜுக்கு உடம்பில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. மூன்று வருஷம் கழித்து ரோட்டு வேலையில் டேப்பு சரசரவென்று கைக்குள் ஓடுகிறது.

நாலாம் வீடு செல்லத்தாய் வீடு. டைரியில் இரண்டே கால் அடி என்று இருந்தது. தெருவிலேயே உள்வாங்கிக் கட்டின வீடு அது ஒன்றுதான். நுனியைச் சுவரில் வைத்து அளந்தார்.

இரண்டே கால் அடி மண்ணில் விழுந்தது. தும்பைச் செடிக்கு நடுவில். தார் அதற்கு முக்கால் அடி வெளியே தொடங்கியது.

நந்தனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற பத்தும் வண்டி நிற்கிற இடத்தில், பெயிண்ட் மட்டும்தான் அடிக்கலாம். இது ஒன்று மண்ணில் இருப்பதால் உண்மையான கதவு நிலையையே கொண்டுவந்து நடலாம். அந்த நிலை எங்கே இருக்கும், யாரிடம் கேட்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். சுந்தரராஜ் டேப்பைச் சுருட்டாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார்.

ரோட்டுக்கு வேண்டாத வீட்டை ரோட்டுக்காக ஏன் இடித்தார்கள்?

மற்ற வீடுகளின் குறியை முடித்துக் கொடுத்து அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு அவர் திரும்பவும் வந்தார். சுவருக்கும் தாருக்கும் நடுவே உள்ள மண்ணை அளந்தார். மூன்றடி. இருபது எட்டு தள்ளி அளந்தார். மூன்றடி. தெற்குக் கடைசி வரைக்கும் பத்து இடத்தில் அளந்தார். பத்திலும் மூன்றடி.

தார் போட்டவன் ஏனோதானோ என்று போட்டிருந்தால் ஒரு இடத்தில் ஒன்றரை அடி மிஞ்சும், ஒரு இடத்தில் நாலடி மிஞ்சும். இது ஒரே சீராக இருந்தது. நெடுக ஒரே அளவுக்குப் பிசகியிருந்தால் பிசகு நூலில் இல்லை, நூல் தொடங்கின புள்ளியில் இருக்கிறது. இந்தத் தொழிலில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ரோடு போட்ட கம்பெனிக்காரன் முக்காலியில் மிஷினை வைத்து வரைபடத்தைப் பார்த்துச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். குறி போட்டவன்தான் மூன்றடி மேற்கே போயிருக்கிறான்.

நூல் தொடங்கின புள்ளி சந்தியில் இருந்த சர்வே கல். அந்தக் கல்லை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எண்ணெயும் குங்குமமும் ஏறிக் கறுத்து, மேலே ஒரு முழம் பிச்சிப்பூவோடு இருக்கும். முன்னால் ஒரு விளக்கு. சர்க்கார் நட்ட கல்லுக்கு ஊர்க்காரர்கள் எந்தக் காலத்திலோ கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். அளக்கப் போனால் முதலில் கல்லின் தலையைச் சுரண்டி அம்புக்குறி சரியான திசையில் இருக்கிறதா, கல் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கு அவர் சுரண்டவில்லை. தான் வேதக்காரன், அடுத்தவன் சாமியின் தலையில் இரும்பை வைத்துச் சுரண்டினால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம். டேப்பின் நுனியைக் கல்லில் படாமல், ஒட்டினாற்போலத் தரையில் வைத்துப் பிடித்தார். அதிகாரியும் சரி என்று எழுதிக்கொண்டார்.

சந்தியில் டீக்கடை வைத்திருக்கிற பொன்னுலிங்கத்திடம் போய் அந்தக் கல்லைப் பற்றிச் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். பொன்னுலிங்கம் டீயை ஆற்றிக்கொண்டே கதை சொன்னான். முதல்முதல் அந்தத் தெருவுக்குத் தார் போட்டு பஸ் ஓடத் தொடங்கின காலத்தில், பஸ் போகிற காற்றில் விளக்கு அணைந்து அணைந்து போனதாம். தெருக்காரர்கள் கூடிப் பேசி, மேளம் வைத்து, கல்லைப் பிடுங்கி மூன்றடி மேற்கே உள்ளே தள்ளி நட்டார்களாம். அவன் அப்பாவும் கடப்பாரை பிடித்தாராம்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் சுந்தரராஜ்.

"ஊருக்கே தெரியும்."

"நான் அளக்கும்போ நீ இங்கதான நின்ன? ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே சாரே." பொன்னுலிங்கம் டீயை நீட்டினான். "நீங்க வேற கல்லத் தொடாம, ஓரமா குத்தவச்சு அளந்தீங்க. வேதக்கார சாரு, ஆனா நம்ம சாமிக்கு என்னா மரியாதை பாத்தியான்னு நாங்க பேசிக்கிட்டோம்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

பத்து வீட்டைப் பொறுத்தவரை மூன்றடி பெரிய விஷயம் இல்லை. அவை எப்படியும் போக வேண்டியவை. செல்லத்தாய் வீட்டின் கதை அப்படி இல்லை. மொத்த வீடே பன்னிரண்டு அடி ஆழம்தான். சிவப்புக் கோடு முன்சுவருக்கு இரண்டே கால் அடி உள்ளே விழுந்தது. முன்சுவர் போனால் உத்தரம் எங்கே உட்காரும்? கூரை முழுவதும் இறங்கியது. மிஞ்சின பத்தடியை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் மண்டபத்துக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, ஆரல்வாய்மொழியில் தங்கச்சி வீட்டை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பில் போய் இருக்கிறாள். அந்த முன் அறையில் நாலு பெண்கள் உட்கார்ந்து தோவாளைச் சந்தைப் பூவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலும் கூரையோடு போனது. சரியாகக் குறி போட்டிருந்தால் போயிருக்க வேண்டியது வாசற்படி இரண்டு. அவ்வளவுதான்.

ஜெயபாயிடம் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். பென்ஷனைப் பிடிப்பார்களா என்று முதலில் கேட்டாள். தெரியாது என்றார். வேறு யாருக்கும் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, அந்த மண்ணை நடைபாதைக்கு விட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள் என்றார்.

அவள் ஒரு மீனின் செதிலைச் சுரண்டி முடித்தாள். பிறகுதான் அவருக்கு உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததை எடுத்து வெளியே போட்டாள்.

"இஞ்ச பாருங்க. நீங்க ஒரு எடத்துல தப்புன்னு சொன்னா, நாளைக்கு எல்லாவனும் வருவான். எனக்க வேலியும் அப்பிடித்தானா, எனக்க பாகமும் அப்பிடித்தானான்னு. முப்பத்து நாலு வருசம் அடங்கிக் கிடக்கிற தகராறு எல்லாம் எந்திரிக்கும். ஒரு வீட்டுக்காக அம்பது வீட்டுல சண்டை. அது நியாயமா?"

அது பொய்யான பேச்சு இல்லை. அவர் பிடித்த அளவில் நம்பிக்கை வைத்து எத்தனையோ பேர் மதில் கட்டிவிட்டார்கள், செத்தவர்களைப் புதைத்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் அமைதியாக இருக்கும். தப்பை மறைக்க இதைவிட நல்ல காரணம் ஒருத்தனுக்குக் கிடைக்காது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாளில் நந்தனா செல்லத்தாயைக் கண்டுபிடித்துவிட்டாள். கதவும் சன்னலும் விற்றுப்போயிருந்தன. நிலையை மட்டும் அந்த அம்மாள் விற்கவில்லை. அயனி மரம். தார்ப்பாயில் சுற்றிச் சாய்ப்புக்குப் பின்னால் படுக்கப் போட்டிருந்தாள். அது நின்ற இடத்திலேயே திரும்ப நடப்போகிறோம் என்று சொன்னதும் தானும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

வியாழக்கிழமை காலையில் ஒரு டெம்போவில் நிலை வந்தது. முன்சீட்டில் செல்லத்தாய். அறுபத்தெட்டு வயது. மடியில் ஒரு பொட்டலம் பூ. இறங்கினவுடன் சுந்தரராஜைப் பார்த்து, சுகமா சாரே, வீட்டுல டீச்சரம்மா சுகமா என்று கேட்டாள். ஜெயபாய் டீச்சர் இல்லை. செல்லத்தாய்க்கு வேதக்கார வீட்டுப் பெண்கள் எல்லாரும் டீச்சர்தான்.

குழி தோண்டி வைத்திருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து நிலையை இறக்கி நிமிர்த்தினார்கள். சுந்தரராஜ் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார், இடது கால் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது, கல் கொடுத்து ஏற்றினார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கான்கிரீட் போட்டு முட்டுக் கொடுத்த பிறகு செல்லத்தாய் பூவை நிலைக்கு மேலே சார்த்தினாள். பிறகு நிலைக்கு உள்ளே, சுவர்ப் பக்கமாக வந்து நின்று ரோட்டைப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் தினம் பார்த்த பார்வை.

சிரித்த முகம் மெல்ல மாறியது. குனிந்து கீழே பார்த்தாள். மண். காலை நிலைக்கு வெளியே எடுத்து வைத்தாள். அங்கேயும் மண். அடுத்த காலில்தான் தார்.

"சாரே, இது எனக்க வாசல் நின்ன எடம்தானா? சரியா அளந்தியளா?"

"சரியாத்தான் அளந்தேன்."

"அப்பம் ரோடு இதுக்கு வெளியல்லா கிடக்கு."

நந்தனா ஒன்றும் தெரியாமல், அதனால்தான் உங்க நிலையை மட்டும் நட முடிந்தது அம்மா என்றாள்.

அவரிடம் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. நடைபாதைக்கு விட்டிருக்கு என்ற வார்த்தை. ஊரே நம்புகிறது, இவளும் நம்பிவிட்டுப் போவாள். அது நாக்கின் நுனிவரை வந்தது.

"யக்கா," என்றார். "ரோடு உங்க வீட்டக் கேக்கவே இல்ல. நான் தப்பா அளந்துட்டேன்."

கல்லைப் பற்றிச் சொன்னார். மூன்றடி நகர்த்தினது தனக்குத் தெரியாது என்றார். சுரண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தன் வேலையே அதுதான், செய்யவில்லை என்றார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. டெம்போக்காரன் பீடியைப் பற்றவைக்க மறந்து நின்றான்.

செல்லத்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவள் பேசத் தொடங்கினபோது 'சாரே' என்பதும் போயிருந்தது, 'நீங்க' என்பதும் போயிருந்தது.

"அந்தக் கல்லுக்கு நான்தான் அண்ணைக்குப் பூ வச்சேன். வச்சிட்டு அங்கனயே நின்னேன். நீரு நுனியக் கல்லுல படாம வச்சீரு. நல்ல மனுசன்னு நினைச்சு உமக்கு நான் காப்பி தந்தேன்."

"குடிச்சேன்," என்றார்.

"கல்லு இங்கதான் இருந்துச்சான்னு ஒரு வார்த்த கேக்க வாயில்லியா?"

"மரியாதைன்னு நினைச்சேன் யக்கா."

"மரியாதையாம். அதக் கொண்டுபோயி எனக்க தகரத்துக்குக் கீழ வைக்கணும். மழைக்கு ஒழுகாம இருக்கா பாப்போம்."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். இதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப்போகிறேன் என்றாள். சரி என்றார். நீரும் கூட வரணும் என்றாள். அதற்கும் சரி என்றார்.

நந்தனாதான் பதறினாள். சனிக்கிழமை திறப்பு. பேரூராட்சியில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன்னால் இது வெளியே வந்தால் அனுமதியை ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது? இரண்டு நாள் பொறுத்துச் சொல்லலாமே என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டாள். நல்ல பெண்தான். ஒரு வருஷம் அலைந்து செய்த வேலை போய்விடுமோ என்ற பயம்.

"பிள்ளே," என்றாள் செல்லத்தாய், "உனக்க விழா நடக்கட்டும். நிலையும் இங்கயே நிக்கட்டும், நான் எடுக்கல்ல. ஆனா மத்த பலகைல எழுதுன மாதிரி எனக்குப் பேரு மட்டும் எழுதாத. எத்தன அடின்னு எழுது."

நந்தனா அந்த மண்ணிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பெயிண்ட் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள். கடைசியில் சுந்தரராஜின் டைரியை வாங்கிப் பார்த்துப் பலகையில் எழுதினாள். செல்லத்தாய் வீட்டு வாசல். சுவரில் இருந்து இரண்டே கால் அடி. ரோடு தொடங்குவது மூன்று அடியில். அதற்கு மேல் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

சனிக்கிழமை நல்ல கூட்டம். பழைய தெருக்காரர்கள் எங்கெங்கோ இருந்து வந்தார்கள். நீல வாசல், பச்சை வாசல், காவி வாசல் என்று தாரின் மேல் பத்து வாசற்படி. ஒருத்தி தன் வீட்டுப் படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். ரோட்டில் பத்து இடத்தில் செருப்புக் குவியல். அப்படி நடக்கும் என்று நந்தனாவே எதிர்பார்க்கவில்லை. வந்த அதிகாரிகள் கைதட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நட்டுவைத்த நிலை அழகாக இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். பலகையை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு காருக்குப் போய்விட்டார்.

ஊர்க்காரர்களுக்கு இரண்டாம் தரம் வாசிக்கத் தேவைப்படவில்லை. கூட்டல் கழித்தல் தெரியாதவனுக்கும் நிலம் என்றால் கணக்கு வரும். சாயங்காலத்துக்குள் யார் குறி போட்டது, எப்படிப் பிசகியது என்று வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது.

ஜெயபாய் சொன்னது அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேர் ஓரமாகக் கூப்பிட்டு, எங்க வேலியும் அந்தக் கல்லுல இருந்துதானா என்று கேட்டார்கள். ஒருத்தருக்கு இல்லை. இன்னொருத்தருக்கு ஆமாம். அந்த ஆமாமில் அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேயே, சர்ச் வாசலிலேயே குரல் உயர்த்தினார்கள். சபைக் கமிட்டியில் இருக்கும் யூஜின், சுந்தரராஜின் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிப்போய், இனி கல்லறைத் தோட்டத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி, உங்களுக்கும் வயசாச்சுல்லா என்று பக்குவமாகச் சொன்னான். டீக்கடையில் பொன்னுலிங்கத்துக்குப் பக்குவம் எல்லாம் கிடையாது. "சாரே, கடையில இருந்து சர்ச்சுக்கு எத்தன எட்டு? இப்பம் சொல்லும் பாப்போம்," என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுந்தரராஜ் டீயைக் குடித்தார். அன்றைக்கு அவர் யாரிடமும் தூரம் சொல்லவில்லை.

ஜெயபாய் மட்டும் நான் அண்ணைக்கே சொன்னேன் என்று சொல்லவில்லை. நீளமான பேப்பரும் நீலப் பேனாவும் எடுத்து மேசையில் வைத்தாள். அவர் எழுதி முடித்ததை வாங்கி வாசித்தாள். கல் நகர்த்தப்பட்டதை ஊரார் எனக்குத் தெரிவிக்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பேனாவால் அடித்தாள்.

"இது எதுக்கு? நீங்க கேக்கல்ல. அவ்வளவுதான்."

புதிதாக ஒரு தாளில் முதலில் இருந்து எழுதினார்.

திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள். நாகர்கோவிலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவர் பஸ் இறங்கும்போது செல்லத்தாய் முன்பே வந்து நின்றாள். வெயிலுக்குச் சேலை முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். வந்துட்டீரா என்றாள். வரிசை நீளமாக இருந்தது. முதியோர் பென்ஷன், பட்டா, குடிதண்ணீர் என்று ஆளுக்கு ஒரு காகிதம். ஒரு மணி நேரம் நின்ற பிறகு அவருக்கு மூட்டு வலித்தது. சுவரோரத்தில் ஒரு இடம் காலியானபோது அவள் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. அவளும் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

நிலம் திரும்பக் கிடைக்குமா என்று அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது. பின்னால் உள்ள பத்தடியில் மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் நிற்கிறது. முன்னால் உள்ளது மூன்றடி மண். அதில் ஒரு நிலை. எழுதிக் கொடுத்த காகிதம் எந்த மேசையில் எத்தனை வருஷம் கிடக்கும் என்பது ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் இருந்த அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் நின்றார்.

மேசைக்கு வந்தபோது மனு வாங்குகிற ஆள் செல்லத்தாயின் காகிதத்தைப் பிரித்து ஓடவிட்டு வாசித்தார். கூட நிற்பவர் யார், சொந்தக்காரரா என்று கேட்டார்.

"சொந்தம் ஒண்ணும் இல்ல," என்றாள் செல்லத்தாய். "இவருதான் தப்பா அளந்தவரு. அவரே சொல்லுவாரு."

மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் ஐம்பதுக்கு மேல் வயது. உள்ளே இணைத்திருந்த கையெழுத்துத் தாளை எடுத்து, இந்த முறை நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பக்கத்து மேசைக்குக் கேட்கக் கூடாது என்ற கரிசனம்.

"அண்ணாச்சி, யோசிச்சுத்தான் எழுதுனீங்களா? இதப் பதிவு பண்ணினா உங்க பேரும் ஏறும்."

"ஏறட்டும்," என்றார் சுந்தரராஜ். "வேலையையும் சேத்துப் போடுங்க. ஞா. சுந்தரராஜ், செயின்மேன்."